சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் போன ஐந்து வருடமும் ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. காருக்கு வயது ஏற ஏற விலையும் ஏறிய விசித்திரமான காலம் அது. சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வீதியிலும், மதுரங்குளியை அடுத்த கனமூலை போன்ற கரையோர ஊர்களின் ஒழுங்கைகளிலும், தொண்ணூறுகளில் யப்பானில் செய்த கொரோல்லாவும் சன்னியும் லான்சரும் இன்னும் அன்றாடப் பாவனையில் இருக்கின்றன. இந்த வயதுக் கார் நின்ற இடத்தில் காலையில் சிவப்பாக ஒரு கறை தெரிவது அதிசயமில்லை. அதைக் கண்டதும் சொல்லப்படும் தீர்ப்பும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே: கியர் பொக்ஸ் ஒயில் லீக், சீலை மாற்றுங்கள். இந்தச் சின்ன வசனத்துக்குள் மூன்று ஊகங்கள் இருக்கின்றன. சொட்டியது கியர் பொக்ஸ் எண்ணெய் என்பது ஒன்று, சொட்டிய இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு என்பது இன்னொன்று, கசிந்தால் குற்றம் சீலுடையது என்பது மூன்றாவது. மூன்றும் சரியாக இருக்கலாம். ஆனால் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்காமல் கியர் பொக்ஸைக் கழற்றுவது வீண் செலவில் முடியலாம்.

ஒட்டோ கியர் எண்ணெயின் சிவப்பு அதன் சொந்த நிறமல்ல. எஞ்சின் ஒயிலோடு மாறிப் போகாமல் இருக்கக் கலக்கிய சாயம் அது. உராய்விலோ கியர் மாறுவதிலோ அதற்கு ஒரு வேலையும் இல்லை. அந்தக் காலத்து டொயோட்டாக்கள் பலவற்றின் பவர் ஸ்டியரிங்கிலும் இதே சிவப்பு எண்ணெய்தான் ஓடுகிறது. போதாததற்கு டொயோட்டாவின் கூலன்டும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. ஆக, ஒரே காரின் முன்பாகத்தில் சிவப்பாகச் சொட்டக்கூடியவை மூன்று. மறுபக்கம், உருக்குப் பட்டியால் இயங்கும் சிவிடி வகைக் கியர் பொக்ஸ்களுக்கான நிசானின் எண்ணெய்களில் ஒன்று பச்சை. கறை சிவப்பாக இல்லையென்று கியர் பொக்ஸை விடுவிக்கவும் முடியாது. இங்கே நிறத்தைவிட நம்பத்தக்க சாட்சி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீர். சொட்டைக் குச்சியால் எடுத்துத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். கூலன்டும் பிரேக் ஒயிலும் கிளைக்கோல் குடும்பத்தவை என்பதால் தண்ணீரோடு கரைந்துவிடும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு; எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், ஆனால் நஞ்சு.

மிதந்தால் அது எண்ணெய் என்பதுவரை தெரியும். எஞ்சின் ஒயிலா கியர் எண்ணெயா என்பதை வெள்ளைக் காகிதம் காட்டிக் கொடுக்கும். ஒட்டோ கியர் எண்ணெய் மெல்லியது. 40 பாகை செல்சியஸில் அதன் பிசுக்குமை, பழைய எஞ்சின்களுக்கு ஊற்றும் 20-50 ஒயிலுடையதில் நான்கில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே காகிதத்தில் வேகமாகப் பரவி, விளிம்புவரை ஒரே சீரான இளஞ்சிவப்பாக நிற்கும். ஓடிய எஞ்சின் ஒயில் நடுவில் கரிப்பொட்டை விட்டு மெதுவாகப் பரவும். ஸ்டியரிங் எண்ணெயையும் கியர் எண்ணெயையும் காகிதமும் பிரிக்காது, ஏனென்றால் இரண்டும் ஒன்றே. அங்கே அளவுதான் கைகொடுக்கும். ஸ்டியரிங் குப்பியும் அதன் குழாய்களும் சேர்ந்து ஒரு லீற்றர்கூடக் கொள்ளாது. கியர் பொக்ஸ் ஆறு ஏழு லீற்றர் கொள்ளும். ஒரே அளவு எண்ணெய் போனாலும் குப்பியில் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கும், கியர் பொக்ஸில் தெரியாது. குப்பியில் ஒரு கோடு கீறி ஒரு வாரம் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கியர் பொக்ஸைக் குற்றவாளியாக்குவதுதான் நான் பார்க்கும் பொதுவான தவறு.

இரண்டாவது ஊகம் இன்னும் சிக்கலானது. முதலில் நிலத்தையே பார்க்க வேண்டும். கனமூலைப் பக்கத்து முற்றங்கள் பல மணல். மணல் எண்ணெயை உறிஞ்சிவிடும்; மேலே தெரியும் வட்டத்தை வைத்து எவ்வளவு விழுந்தது, எந்தப் புள்ளியில் விழுந்தது என்று சொல்ல முடியாது. நேற்றைய கறையும் இன்றைய கறையும் ஒன்றாகிப் போகும். பழைய காட்போட் பெட்டியொன்றைப் பிரித்து முன்பாகத்தின் கீழே விரித்து, முன் சில்லுகள் இரண்டும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வைத்தால், காலையில் சொட்டு விழுந்த புள்ளியை அளந்தே சொல்லலாம். கொரோல்லா போன்ற முன்சில்லு இழுவைக் கார்களில் எஞ்சினின் பெல்ட் பக்கம் காரின் வலது, கியர் பொக்ஸ் இடது. நமது நாட்டுக் கணக்கில் சாரதிக்குப் பக்கத்து ஆசனத்துக்கு முன்னால். 2000க்கு முந்திய ஹொண்டா சிவிக்கில் இது தலைகீழ். எந்தக் காரென்று தெரியாமல் இடமா வலமா என்று பேசுவதில் பயனில்லை.

பக்கம் தெரிந்தாலும் புள்ளி தெரியாது. எண்ணெய் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு வழியும். கசிந்த இடத்திலிருந்து இறங்கி, அலுமினியக் கூட்டின் மேடுகளைச் சுற்றி, பொல்ட் தலைகளில் தங்கி, கடைசியில் ஆகத் தாழ்ந்த முனையில் வந்து சொட்டும். பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த முனை, கியர் பொக்ஸின் அடித்தட்டான சம்பின் விளிம்பு. அதனால்தான் சம்பு கஸ்கட்டுக்கு இத்தனை கெட்ட பெயர். ஓடும் காரில் காற்றும் சேர்ந்துகொள்கிறது: ரேடியேற்றருக்குக் கீழே குழாயில் கசிந்த எண்ணெய் பின்னோக்கி விசிறப்பட்டுக் கியர் பொக்ஸின் முகத்தையே நனைத்துவிடும். கீழிருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே நனைந்திருக்கும். நனைந்த எதையும் குற்றம் சொல்லலாம். இதில் ஒரே விதி, ஈரம் தொடங்கும் ஆக மேலான, ஆக முன்னான புள்ளியைத் தேடுவது. பல வருடத்து எண்ணெயும் மணலும் ஊறிக் களிம்பாகிக் கிடக்கும் கூட்டில் அப்படியொரு புள்ளியைக் காண வழியில்லை. ஆகவே துடைப்பதுதான் பரிசோதனையின் முதல் படி, அதைச் சும்மா அலங்கார வேலையாக நினைக்கக் கூடாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தூரிகையால் மண்ணெண்ணெய் தடவி, வயர் இணைப்புகளையும் கியர் பொக்ஸின் மூச்சுத் துளையையும் தவிர்த்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். மண்ணெண்ணெயே ஒரு மெல்லிய எண்ணெய்தான், அதை அப்படியே விட்டால் அடுத்த நாள் அதுவே பொய்க் கசிவாகத் தோன்றும். காய்ந்த உலோகத்தில் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவிப் பத்துக் கிலோமீற்றர் ஓட்டி வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பரப்பில் விரல் நகத்தின் அகலத்தில் ஒரு ஈரக் கோடு மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். கோட்டின் மேல்முனைதான் தேடும் இடம். மணல் தரையில் ஜக்கை நேரே வைத்தால் அது புதையும். அகலமான பலகையும், காரைத் தாங்க வேறு முட்டுகளும் இல்லாமல் யாரும் கீழே தலையை நீட்டக் கூடாது.

நேரமும் ஒரு சாட்சி. எஞ்சின் ஓடும்போது கியர் பொக்ஸுக்குள் பம்ப் எண்ணெயை வளிமண்டல அழுத்தத்தின் பல மடங்குக்கு அழுத்துகிறது. நின்றதும் அழுத்தம் போய்விடும். எண்ணெய் மட்டத்துக்குக் கீழே உள்ள இடங்களில் மட்டும் எண்ணெய் தன் பாரத்தால் கசியும். எதிர்மாறாகவும் நடக்கும். எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையிலுள்ள டோர்க் கன்வேட்டரில் தேங்கிய எண்ணெய், சில பழைய கியர் பொக்ஸ்களில், இரவில் மெல்ல மெல்லச் சம்புக்குள் வடிந்து மட்டத்தை உயர்த்தும். பகலில் எண்ணெய்க்கு மேலே காய்ந்திருந்த கியர் கம்பிச் சீல் அப்போது எண்ணெய்க்குள் மூழ்கிச் சொட்டும். காலையில் பெரிய கறை தெரியும், ஆனால் ஓட்டத்தில் ஒரு துளியும் போகாது. இதிலிருந்து முற்றத்துக் கறை கசிவின் அளவுகோல் அல்ல என்பது தெளிவு. இருபது சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர். எண்ணெய்ச் சொட்டு அதைவிடச் சிறிது. இரவுக்கு இருபது சொட்டு விழுந்தாலும் வருடத்துக்குப் போவது மூன்றில் ஒரு லீற்றரை எட்டினால் பெரிய காரியம். ஓட்டத்தில் மட்டும் கசியும் கூலர் குழாயோ முற்றத்தில் ஒரு பொட்டும் விடாமல், வெடிக்கிற நாளில் சில நிமிடத்தில் கியர் பொக்ஸை வெறுமையாக்கிவிடும். பயப்பட வேண்டியது கறை விடாத கசிவுக்குத்தான்.

கரையோரத்தில் அந்தக் கூலர் குழாய்களுக்குத் தனி ஆபத்து உண்டு. கியர் பொக்ஸின் சூடான எண்ணெயை ரேடியேற்றரின் அடித்தொட்டிக்குக் கொண்டுபோய்க் குளிர்வித்துத் திருப்பிக் கொண்டுவரும் இரும்புக் குழாய்கள் அவை. சுவரின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். காரின் மூக்கில், நிலத்துக்குக் கிட்டவே ஓடுகின்றன. புத்தளம் களப்பைச் சுற்றிக் காற்றிலே உப்பு, உப்பளங்களும் அங்கேயே. சாதாரண உப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரைசலாகும். கடலோர இரவுகளில் அது எளிதில் தாண்டும். கடலுப்பில் கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைட்டு 33 சதவீத ஈரப்பதனிலேயே கரையத் தொடங்குவதால், வெயில் ஏறிய பின்னும் உலோகத்தில் ஈரப்படலம் முழுதாகக் காய்வதில்லை. மழை பெய்யாத மாதங்களிலும் இரும்பு நனைந்தே கிடக்கிறது. புத்தளம் வரண்ட வலயம், இங்கே துரு அதிகம் வராது என்று வாதிடுவோர் மழையை மட்டும் எண்ணுகிறார்கள், உப்பு நீரை இழுத்து வைப்பதை எண்ணுவதில்லை. உண்மையில் மழை உப்பைக் கழுவிவிடும். நீண்ட வரட்சியில் அது படிந்துகொண்டே போகும். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் உப்பு மணல் தங்குமிடத்தில்தான் முதலில் குழி விழும். ஓட்டை விழுவதற்கு முன்பே அங்கே துருக் கொப்புளத்தைச் சுற்றி எண்ணெய் வியர்த்திருக்கும். துணியால் துடைத்து நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும். கனமூலையில் ஓடும் பழைய காரில் சீலைச் சந்தேகிக்குமுன் இந்தக் கிளிப்புகளைப் பார்ப்பது என் கணக்கில் சரியான வரிசை.

அதே அடித்தொட்டிக்குள் கண்ணுக்கே தெரியாத இன்னொரு கசிவு நடக்கலாம். கூலன்ட் விலை கூடிய பிறகு ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. கரையோரக் கிணறுகளின் உவர்ப்பும் கடினத்தன்மையும் உள்ளே இருக்கும் கூலரை அரிக்கும். அதில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கூட, ஆகவே எண்ணெய் கூலன்டுக்குள் போகும். நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் உடனே விழுந்துவிடும். சூடான ரேடியேற்றரோ மூடிக்குள் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். இப்போது தண்ணீர் கியர் பொக்ஸுக்குள் தள்ளப்படும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடும், நிறம் பால் கலந்த ரோஸாக மாறும். கியர் பொக்ஸின் கிளச் தட்டுகளில் ஒட்டியிருப்பது காகித வகைப் பொருள். தண்ணீர் பட்டால் ஊறும், பசை விடும். நிலம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் வீட்டில்தான் கியர் பொக்ஸ் சாகிறது.

இனி மூன்றாவது ஊகம், சீல். நைட்ரைல் இறப்பர் வருடக்கணக்கில் சூட்டிலும் ஒட்சிசனிலும் கிடந்தால் இறுகும். மென்மையான உதடு நகம்போல் கெட்டியாகிச் சுழலும் அச்சை விட்டு விலகும். முப்பது வருடத்துக் காரில் சீல் உண்மையாகவே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் புதுச் சீல் போட்டுச் சில மாதத்தில் மறுபடி கசிந்தால் சீலைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அச்சில் தேய்ந்த பள்ளம் இருக்கலாம், புஷ் தேய்ந்து அச்சு ஆடலாம். இவற்றைவிட எளிதானதும் அதிகம் மறக்கப்படுவதும் மூச்சுத் துளை. கியர் பொக்ஸ் 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடாகும்போது உள்ளே உள்ள காற்று விரிய வேண்டும். மேலே உள்ள அந்தச் சிறு துளை சேற்றாலும் மணலாலும் அடைபட்டிருந்தால் விரிய இடமில்லை, அழுத்தம் ஏறும்: தனி வெப்பநிலைக் கணக்கில் 303 இலிருந்து 363, ஐந்தில் ஒரு பங்கு அதிகம். எண்ணெயும் விரிந்து காற்றின் இடத்தைப் பிடிப்பதால் இன்னும் கூடும். இந்தச் சீல்கள் தெறிக்கும் எண்ணெயை மறிக்கச் செய்தவை, அடைபட்ட அழுத்தத்தை மறிக்க அல்ல. அழுத்தம் இருக்கிற வழியில் எல்லாம் எண்ணெயைத் தள்ளும். நாலு சீலும் ஒன்றாகக் கசியத் தொடங்கினால் நாலும் ஒரே நாளில் கெட்டன என்பதைவிடத் துளை அடைபட்டது என்பதே நம்பக்கூடிய விளக்கம். சம்பு கஸ்கட்டிலும் இதேபோல் ஒரு பொய்த் தீர்வு உண்டு: கசிகிறதென்று பொல்ட்டுகளை மேலும் இறுக்குவது. அவற்றுக்குத் தேவையான இறுக்கம் மிகக் குறைவு. பலங்கொண்டு இறுக்கினால் தகட்டு விளிம்பு பொல்ட்டைச் சுற்றிக் குழிந்து, இரண்டு பொல்ட்டுக்கு நடுவே மேலெழும்பி, இல்லாத கசிவையும் உண்டாக்கும்.

இவ்வளவும் தேவையா, அனுபவமுள்ள கராஜ் பாஸ் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவாரே என்று கேட்பது நியாயம். சொல்லிவிடுவார், பத்தில் ஏழெட்டுத் தடவை சரியாகவும் இருக்கும், ஏனென்றால் ஒரே வகைக் கார்கள் ஒரே இடங்களில் கசிவதை அவர் நூறு தடவை பார்த்திருக்கிறார். அவரது தீர்ப்பு மலிவான இடத்தில், உதாரணமாக வெளியே தெரியும் ஹோஸில், வந்து நின்றால் உடனே செய்யச் சொல்லலாம். பிழைத்தாலும் நட்டம் சிறிதுதான். தீர்ப்பு எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் மணி வடிவக் கூட்டுக்குள் போனால் கதை வேறு. அங்கே எஞ்சினின் பின் சீலும் கியர் பொக்ஸின் பம்ப் சீலும் ஒரே அறைக்குள் கசிந்து ஒரே துளையால் சொட்டுகின்றன. கியர் பொக்ஸை இறக்காமல் இரண்டையும் தொட முடியாது. இறக்கிய பிறகு உண்மையில் கசிந்தது மேலே இருக்கும் எஞ்சின் வால்வ் மூடியின் கஸ்கட், அது வழிந்து அங்கே சேர்ந்தது என்று தெரிந்தால், கூலி கூலிதான். அனுபவத்தை எவ்வளவு நம்பலாம் என்பது, பிழைத்தால் என்ன விலை என்பதைப் பொறுத்தது.

இன்னொரு வாதம்: பழைய கார் கசியத்தான் செய்யும், குறைவதை ஊற்றிக்கொண்டே ஓட்டுவோம். இதை நான் பாதி ஏற்கிறேன். இரவுக்குச் சில சொட்டு என்றால் ஊற்றி ஓட்டுவது புத்திசாலித்தனமே. ஆனால் குறைவதைச் சரியாக அளக்கத் தெரிய வேண்டும். ஏழு லீற்றர் எண்ணெய் ஐம்பது பாகை சூடேறினால் கால் லீற்றர் அளவுக்கு விரியும். ஆறிய காரில் அளந்து குறையென்று ஊற்றினால் சூட்டில் மட்டம் மேலேறி, சுழலும் கியர்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கி மூச்சுத் துளையால் வெளியே தள்ளும், அதுவும் கசிவென்றே எண்ணப்படும். டொயோட்டாவில் சூடேற்றி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் சூடேற்றி, எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள். எந்தச் சிவப்பு எண்ணெயும் போதும் என்பதும் பிழை. எண்ணெயில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகள்தான் கிளச் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. 1960களில் அமெரிக்கக் கியர் எண்ணெய்களில் அந்த வேலையைச் செய்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். இன்று கற்பிட்டிக் கடலில் படகேறிப் பார்க்கப் போகிறோமே, அதே திமிங்கிலம். 1970களின் தொடக்கத்தில் சட்டம் அதைத் தடுத்தபோது, சரியான மாற்று அமையும்வரை கியர் பொக்ஸ்கள் கெட்டன. சாயம் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது. சிவிடிக்குள் சாதாரண ஒட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் உருக்குப் பட்டி வழுக்கித் தேய்ந்துபோகும்.

கசிவை நிறுத்தும் என்று சொல்லிக் கடைகளில் விற்கும் போத்தல்களில் இருப்பது பெரும்பாலும் இறப்பரை ஊதி மென்மையாக்கும் திரவம். இறுகியும் முழுதாக இருக்கும் சீலில் அது சில காலம் வேலை செய்யும். துருப் பிடித்த குழாயிலும் பள்ளம் விழுந்த அச்சிலும் அடைபட்ட மூச்சுத் துளையிலும் செய்யாது. நல்ல சீல்களையும் சேர்த்து ஊதவைத்து உதடுகளை வேகமாகத் தேயவைக்கும். எது கசிகிறது என்று தெரிந்த பிறகே அதை ஊற்றலாமா என்று யோசிக்க முடியும். தெரியாத நிலையில் ஊற்றுவது அடையாளங்களையும் கலைத்துவிடும்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. கியர் போட்டுக் கொஞ்சம் தாமதித்தே கார் நகர்வது, எஞ்சின் சுற்றுக் கூடியும் வேகம் கூடாதது, டிப்ஸ்டிக்கில் கருகிய மணம் வருவது: இவை எண்ணெய் மட்டம் பம்பின் வாய்க்குக் கீழே போய்விட்டதன் அல்லது தட்டுகள் எரிவதன் அடையாளம். மதுரங்குளி மட்டும் ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பினால் வழியிலேயே எல்லாம் முடிந்துவிடலாம். கட்டி இழுத்துக்கொண்டு போவதும் தீர்வல்ல. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும், இழுபடும் சில்லுகளோ கியர் பொக்ஸைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு துளி எண்ணெயும் மேலேறாது. முன்சில்லு இழுவைக் காரென்றால் முன் சில்லுகள் இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் லொறியில் ஏற்ற வேண்டும்.